வாழும் இசையமைப்பாளர்களும் ஒரு தாளவாத்தியக் குழுவும்: ஸோ பெர்கஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸோ பெர்கஷன் எத்தகைய குழு?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக இசைப்பள்ளியில் தாளவாத்தியம் பயின்ற மாணவர்கள் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய குழு இது. இப்போது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்குகிறது. எரிக் சா-பீச், ஜாஷ் குவில்லன், ஆடம் ஸ்லிவின்ஸ்கி, ஜேசன் ட்ரூட்டிங் ஆகிய நால்வரும் இதன் கலைஞர்கள். இவர்கள் யாருக்கும் பக்கவாத்தியமாக அமர்வதில்லை. கச்சேரி முழுவதையும் தாளவாத்தியங்களே தாங்கி நிற்கும்படி நடத்துகிறார்கள். தாளவாத்தியம் என்றதும் முரசு, பறை போன்ற தோற்கருவிகள் மட்டுமே நினைவுக்கு வந்தால் இவர்களின் மேடை வியப்பளிக்கும். மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கிய மரிம்பா, உலோகச்சட்டங்களால் ஆன வைப்ரஃபோன், கரீபியத் தீவான டிரினிடாடில் பிறந்த ஸ்டீல் டிரம் போன்ற சுரம் பேசும் கருவிகளும், அவற்றுக்குப் பக்கத்தில் மண் பூந்தொட்டிகளும் குழாய்த் துண்டுகளும் பலகைகளும் அங்கே சம மதிப்போடு வைக்கப்பட்டிருக்கும்.

பெயருக்கு என்ன பொருள்?

‘ஸோ’ என்பது ஜப்பானியச் சொல். இசைக்கருவியை வாசித்தல் என்பது அதன் பொருள்களுள் ஒன்று.

ஐரோப்பிய மரபில் எழுதப்பட்ட இசை மலைபோல் குவிந்திருக்க, இவர்கள் ஏன் இன்று வாழும் இசையமைப்பாளர்களைத் தேடிப் போகிறார்கள்?

அந்த மலையில் இவர்களுக்கென்று எதுவுமே இல்லை என்பதுதான் நேரான பதில். நரம்பிசை நால்வர் குழு ஒன்று தொடங்கினால், ஹேடன் முதல் பார்ட்டோக் வரை வாழ்நாள் முழுவதும் வாசித்தாலும் தீராத செல்வம் அதற்குக் காத்திருக்கிறது. தாளவாத்தியக் குழுவுக்கு அத்தகைய முன்னோர் சொத்து கிடையாது. இசை நாடகத்திலும் சிம்பொனியிலும் முரசும் தட்டுத்தாளமும் நூற்றாண்டுகளாக இடம்பெற்றிருந்தாலும், ஓர் உச்சகட்டத்தை முழக்கிவிட்டு நெடுநேரம் காத்திருப்பதே அவற்றின் வேலையாக இருந்தது.

தாளவாத்தியங்களுக்கென்றே மேடைப் படைப்புகளை எழுதும் வழக்கம் 1930களில்தான் வேர்பிடித்தது. கியூபாவின் அமதேயோ ரொல்டான் 1930இல் எழுதிய ‘ரித்மிக்காஸ்’ தொகுப்பின் கடைசி இரண்டு பகுதிகள் இவ்வகையில் மிக முந்தியவை. பிரான்சில் பிறந்த இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் 13 கலைஞர்களுக்காக எழுதிய ‘அயோனிசேஷன்’ 1933இல் நியூயார்க்கில் முதன்முறையாக ஒலித்தது; அதில் அபாயச் சங்குகளும் கருவிகளாக வந்தன. 1939இல் சியாட்டிலில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் பழைய மோட்டார் வண்டிகளின் பிரேக் உருளைகளை அடிக்கச் சொன்னார். 1941இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நான்கு பேருக்காக எழுதிய ‘மூன்றாம் கட்டுமானம்’ என்ற படைப்பில் தகர டப்பாக்களும் சங்கும் இருக்கின்றன. நால்வர் தாளக்குழுக்கள் இன்றும் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று அது.

ஆக, ஒரு தாளவாத்தியக் குழுவின் மரபு நூறாண்டைக்கூட இன்னும் எட்டவில்லை. வாசிக்கப் புதிய படைப்பு வேண்டுமென்றால் எழுதுவதற்கு ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டும், அவரைத் தேடிப்போய்க் கேட்டாகவும் வேண்டும். இதை வறுமை என்று சிலர் எண்ணக்கூடும். என் மனத்தில் இது பெரும் பேறாகவே படுகிறது. ஏனெனில் எழுதியவரிடமே ‘இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு, பீத்தோவனை வாசிப்பவர்களுக்கு என்றுமே கிட்டாது.

முதன்முதலாக யாரைக் கேட்டார்கள்?

முன்பின் பழக்கமில்லாத நிலையில் இந்த மாணவர்கள் டேவிட் லாங்கைத் தொடர்புகொண்டு தங்களுக்காக ஒரு படைப்பு எழுதித் தரும்படி கேட்டார்கள். 1987இல் நியூயார்க்கில் மைக்கேல் கார்டன், ஜூலியா வுல்ஃப் ஆகியோருடன் ‘பாங் ஆன் எ கேன்’ என்ற புதிய இசை அமைப்பைத் தொடங்கியவர் அவர். பிற்பாடு, 2008இல், இசைக்கான புலிட்சர் பரிசும் பெற்றார். அவர் எழுதித் தந்தது ‘இயற்கையின் விதிகள் எனப்படுபவை’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட, மூன்று பகுதிகளும் ஏறத்தாழ 36 நிமிட நீளமும் உடைய படைப்பு. அது 2002ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதல் பகுதி மரத்துண்டுகளுக்கு, இரண்டாவது முதன்மையாக உலோகக் குழாய்களுக்கு, மூன்றாவது பூந்தொட்டி, தேநீர்க் கோப்பை முதலியவற்றுக்கு. நால்வரும் ஒரே வகைப் பொருள்களின் முன் நின்று, ஏறத்தாழ ஒரே கோலத்தை வாசிக்கிறார்கள். ஒருவர் மயிரிழை பிந்தினாலும் அது காதில் விழுந்துவிடும் என்பதால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இசை இது.

இந்தப் படைப்பை எடுத்துக்கொள்ளும் எந்தக் குழுவும் கருவியைக் கடையில் வாங்கிவிட முடியாது. குழாயை அறுக்க வேண்டும், தொட்டியைத் தேட வேண்டும். குழாய் அறுப்பது எளிய வேலையல்ல. நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். இரு முனையும் பிணைக்கப்படாமல் அடிக்கப்படும் உலோகக் குழாயைப் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். அதன் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவதே காரணம். 50 சென்டிமீட்டர்க் குழாயில் அரை சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்துவிட்டால் அதிர்வெண் சுமார் 2 விழுக்காடு உயர்ந்து, அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிசகிவிடும். அறுத்ததை ஒட்டவும் முடியாது. ஆகவே கொஞ்சம் நீளமாக அறுத்துக்கொண்டு, தட்டிக் கேட்டுக் கேட்டு அராவிக் குறைக்கிறார்கள். பூந்தொட்டியோ அராவுவதற்கும் இடங்கொடாது. கடையில் தொட்டி தொட்டியாகத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லாமல் மணிபோல் ஒலிப்பதைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

பூந்தொட்டியும் தேநீர்க் கோப்பையும் வேடிக்கைக்காகவா?

இல்லை. கடம் கேட்டு வளர்ந்த காதுக்குச் சுட்ட மண்ணின் நாதம் எவ்வளவு ஆழமானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலையுயர்ந்த மரிம்பாவால் தர முடியாத ஒரு மெலிவு, உடைந்துவிடுமோ என்ற ஓர் அச்சம், தேநீர்க் கோப்பையின் ஒலியில் உண்டு. இசையமைப்பாளர் அதற்காகவே அதைத் தேர்கிறார். கேட்பவரும் தம் சமையலறைப் பொருளை அதன்பின் வேறு காதோடு கேட்கத் தொடங்குகிறார்.

இத்தனை விதமான பொருள்களுக்கு இசைக்குறிப்பை எப்படி எழுதுகிறார்கள்?

ஐந்து கோடுகள் கொண்ட மேற்கத்திய இசைக்குறிப்பில் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு சுரத்தைக் குறிக்கும். தாளவாத்தியப் படைப்புகளில் அக்கோடுகள் சுரங்களுக்குப் பதிலாகப் பொருள்களைக் குறிக்கலாம்: மேல்கோடு சிறிய மரத்துண்டு, கீழ்க்கோடு பெரியது என்பதுபோல. இதற்குப் பொது விதி உறுதியாக அமையாததால், ஒவ்வொரு படைப்பின் முன்பக்கத்திலும் எந்தக் குறி எந்தப் பொருளுக்கு, எந்தக் கோலால், எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்ற விளக்கப்பட்டியல் இருக்கும். கலைஞர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு புது எழுத்தைக் கற்றுக்கொள்வதற்கு ஒப்பான உழைப்பு இது. எழுத்தில் அடங்காத நுட்பங்களை, இசையமைப்பாளர் ஒத்திகைக்கு வந்து அமரும்போதுதான் தீர்த்துக்கொள்கிறார்கள்.

கூட்டு முயற்சி என்கிறார்கள். உண்மையில் எழுதுவது யார்?

இது படைப்புக்குப் படைப்பு மாறுகிறது. ஒரு முனையில், இசையமைப்பாளர் முழுவதையும் எழுதி முடித்துத் தருகிறார். ஆனால் எழுதும்போது இந்த நால்வரின் கைகளை மனத்தில் வைத்து எழுதுகிறார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவன் மேக்கி 2010இல் எழுதிய ‘நேரம் வந்துவிட்டது’ என்று பொருள்படும் படைப்பு இதற்கு நல்ல சான்று. குவில்லனின் ஸ்டீல் டிரம்முக்கு ஒரு பகுதி, ஸ்லிவின்ஸ்கியின் மரிம்பாவுக்கு ஒன்று, ட்ரூட்டிங்கின் டிரம்ஸுக்கு ஒன்று, காலப்பிரமாணத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் உள்ளிட்ட கதம்பக் கருவிகளோடு சா-பீச்சுக்கு ஒன்று என்று நால்வருக்கும் தனித்தனியாக அளந்து தைத்த உடைபோல அமைந்தது அது.

கணினி இசையின் முன்னோடிகளுள் ஒருவரான பால் லான்ஸ்கி இவர்களுக்காக 2005இல் எழுதிய ‘இழைகள்’ என்ற படைப்பையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கணினியோடு தனித்து அமர்ந்து, ஒவ்வோர் ஒலியையும் தாமே செதுக்கியவர், உயிருள்ள நான்கு பேரை நம்பித் தம் இசையை ஒப்படைத்தார். பத்துச் சிறு பகுதிகளில் உலோக ஒலிகள் பாட்டாகவும், முரசுகள் கூட்டுப்பாடலாகவும், பாட்டில்களும் பூந்தொட்டிகளும் பேச்சோசையாகவும் வருகின்றன. இந்த நூற்றாண்டின் தாளவாத்தியப் படைப்புகளுள் எனக்கு மிக நெருக்கமானது இதுவே.

மற்றொரு முனையில், யார் எழுதியது என்று பிரித்துச் சொல்வதே தவறாகிவிடும் படைப்புகள் இருக்கின்றன. 2013இல் தம் 30ஆம் வயதில் புலிட்சர் பரிசு பெற்ற கேரலைன் ஷா, இக்குழுவோடு நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறார். முதலில் அவர் வழக்கமான முறையில் இவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். டான் அப்ஷா பாட, கில்பர்ட் கேலிஷ் பியானோ வாசிக்க, இந்த நால்வர் பூந்தொட்டிகளையும் பிறவற்றையும் இசைக்கும் ‘குறுகிய கடல்’ அப்படி வந்தது; 2022இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. பிறகு உறவு மாறியது. 2021இல் வெளியான பாடல் தொகுப்பில் ஷா பாடகராகவே குழுவுக்குள் வந்து சேர்ந்தார். ஐவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடல்களை உருவாக்கினார்கள். நால்வரில் ஒவ்வொருவரும் அவரோடு தனித்தனியே இருவர் இசையாகவும் ஒரு பாடலைச் செய்தார்கள். அதே முறையில் பிறந்து 2024இல் வெளிவந்த அடுத்த தொகுப்பு, 2025இல் சிற்றரங்க இசைக்கான கிராமி விருதைப் பெற்றது.

மேட்மோஸ் என்ற மின்னணு இசை இருவரோடு இவர்கள் 2010இல் வெளியிட்ட தொகுப்பு இன்னொரு வகை. தண்ணீர், பீங்கான், அலுமினியம் என்று ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு பாடலுக்கு வித்தாக வைத்துக்கொண்டார்கள். கள்ளிச்செடியின் முள்ளை மீட்டி, அதன் அதிர்வை ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தார்கள். குழுவின் உறுப்பினரே இசையமைப்பாளராவதும் உண்டு. ஜேசன் ட்ரூட்டிங்கின் இசை 2006இலேயே ஒரு தனித் தொகுப்பாக வந்துவிட்டது.

ஒரு படைப்புக்காகப் புதிய கருவியையே செய்ததுண்டா?

உண்டு. ‘தி நேஷனல்’ என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞரான பிரைஸ் டெஸ்னர், கார்னகி அரங்கின் ஆதரவோடு 2013இல் ‘மரத்துக்கும் நரம்புக்குமான இசை’ என்று பொருள்படும் படைப்பை எழுதினார். அதற்காக ஆரன் சான்செஸ் என்ற கருவி வடிவமைப்பாளர் ‘கார்ட்ஸ்டிக்’ என்னும் கருவிகளைச் செய்து கொடுத்தார். சந்தூரைப் போல நரம்புகளின் மேல் கோலால் தட்டி வாசிக்கும் கருவி அது. மின்கிட்டாரைப் போல ஒலிபெருக்கியோடு இணைவது. கிட்டாரில் பழகிய தம் விரல்களின் சிந்தனையை, கோல் பிடித்துப் பழகிய நால்வரின் கைகளுக்கு மாற்ற வேண்டும் என்பதே டெஸ்னரின் நோக்கம்.

2019இல் ஜூலியா வுல்ஃப் இதைத் தலைகீழாகச் செய்தார். புதிய கருவி எதுவும் வேண்டாம் என்று, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய நரம்பிசை நால்வர் குழுவின் கருவிகளையே இவர்கள் கையில் கொடுத்து, தாளவாத்தியக் கலைஞரின் முறையில் தட்டியும் உரசியும் வாசிக்கச் செய்தார். ‘தடுக்கப்பட்ட காதல்’ என்று அதற்குப் பெயர். வயலினைக் குழந்தைபோல் ஏந்துபவர்களுக்கு அந்தத் தலைப்பின் பொருள் உடனே விளங்கும்.

எழுதுவதற்கான ஊதியத்தை யார் கொடுக்கிறார்கள்?

அறக்கட்டளைகள், பல்கலைக்கழகங்கள், இசை அரங்குகள் ஆகியவை பெரும்பாலும் இந்தச் செலவை ஏற்கின்றன. பல குழுக்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 2009இல் எழுதிய ‘மேலட் குவார்ட்டெட்’ அப்படிப் பிறந்தது: ஹங்கேரியின் அமாடிண்டா, கனடாவின் நெக்ஸஸ், ஆஸ்திரேலியாவின் சினெர்ஜி, ஸோ பெர்கஷன் ஆகிய நான்கு குழுக்கள் அதைச் சேர்ந்து கேட்டன. 2009 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் அமாடிண்டாவும், 2010 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸோ பெர்கஷனும் அதை அரங்கேற்றின. செலவும் குறைகிறது, ஒரு முறை ஒலித்துவிட்டு அலமாரியில் உறங்கும் கதியும் படைப்புக்கு நேர்வதில்லை.

இந்தப் படைப்பில் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. ரைஷ் 1970இல் கானா நாட்டுக்குச் சென்று முரசு பயின்றவர். மரிம்பாவுக்குப் பல்லாண்டுகள் எழுதியவர். ஆயினும் ஐந்து ஸ்தாயி நீளமுள்ள மரிம்பாவுக்கு எழுதுவது இதுவே அவருக்கு முதல் முறை. அதன் அடிமட்டச் சட்டங்களில் சற்றே கடினமான கோல் பட்டாலும் சுரத்துக்குப் பதில் வெறும் ஓசை எழும் என்ற தயக்கம் அவருக்கு இருந்தது; அதை அவரே தம் படைப்புக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய மேதை ஒருவர், மரச்சட்டத்தின் இயல்பைப் பற்றி இன்னும் கவலைப்படுகிறார் என்பதைப் படித்தபோது அவர் மீதான மதிப்பு எனக்குப் பன்மடங்கு உயர்ந்தது.

இவர்களுக்காக எழுதப்பட்டதைப் பிறர் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், வாசிக்கிறார்கள். லாங்கின் படைப்பும் ரைஷின் படைப்பும் இன்று பல நாட்டு இசைக்கல்லூரி மாணவர்களின் கையில் புழங்குகின்றன. தனிக்கருவி தேவைப்படும் படைப்புகளுக்குத்தான் சிக்கல். கருவியைக் கடன் வாங்கவோ புதிதாகச் செய்யவோ முடியாத குழுவுக்கு அந்த இசைக்குறிப்பு வெறும் காகிதமாகவே நின்றுவிடும். இந்தக் கேள்வியைக் குழுக்களும் இசையமைப்பாளர்களும் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இந்திய இசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? தாளவாத்தியக் கச்சேரி போன்றதுதானே?

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக் கலைஞர் தாளச் சட்டத்துக்குள் அந்த நேரத்திலேயே கோவை செய்கிறார். வாசிப்பவரும் படைப்பவரும் அங்கே ஒருவரே. இங்கே பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்டதை வாசிக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் ஏமாற்றம் நேராது.

நேரடித் தொடர்புகளும் இருக்கின்றன. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1971இல் பிறந்த பியானோ கலைஞரும் ஹார்வர்டு பேராசிரியருமான விஜய் ஐயர், ஸோ பெர்கஷனுக்காக 2018இல் ‘டார்க்’ என்ற படைப்பை எழுதினார். சுழற்றும் விசையைக் குறிக்கும் இயற்பியல் சொல் அது. சிகாகோவின் தர்ட் கோஸ்ட் பெர்கஷன் என்ற நால்வர் குழுவுக்காக, தபேலா மேதை ஜாகிர் உசேன் தாமும் சேர்ந்து வாசிக்கும்படி ஒரு படைப்பை எழுதி ஒலிப்பதிவும் செய்தார். ‘சக்தி’ குழுவில் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு அமர்ந்து வட தென்னிந்தியத் தாள மரபுகளை ஒரே மேடையில் பேச வைத்தவர், தம் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் மேற்கத்தியத் தாளக்குழுவுக்கு எழுத முன்வந்தார். 2024 டிசம்பர் 15ஆம் நாள் அவர் மறைந்தார்.

இதே வழியில் செல்லும் வேறு குழுக்கள் எவை?

பிரான்சின் லெ பெர்குசியோன் த ஸ்ட்ராஸ்பூர் 1962இல் ஆறு பேரோடு தொடங்கிய மூத்த குழு. இயானிஸ் செனாக்கிஸ் 1969இல் அவர்களுக்காக எழுதிய ‘பெர்செஃபாசா’ ஈரானின் பெர்செபொலிஸ் இடிபாடுகளுக்கு நடுவே அரங்கேறியது; ஆறு பேரும் மக்களைச் சுற்றி வட்டமாக நின்று வாசித்தார்கள். மேலே சொன்ன தர்ட் கோஸ்ட் 2005இல் தொடங்கியது. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் தாளவாத்தியக் குழுவுக்கென எழுதிய முதல் படைப்பைக் கேட்டுப் பெற்றது அவர்கள்தாம். புரூக்ளினின் சாண்ட்பாக்ஸ் பெர்கஷனுக்காக ஆண்டி அகிஹோ எழுதிய ‘ஏழு தூண்கள்’ 2022இல் புலிட்சர் பரிசின் இறுதிச்சுற்று வரை வந்தது.

இளைய கலைஞர்களுக்கு இவர்கள் கற்பிக்கிறார்களா?

ஆம். 2014 முதல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உறைவிடக் கலைஞர்களாக இருக்கிறார்கள். 2009 முதல் அங்கே கோடைக்காலப் பயிலரங்கும் நடத்துகிறார்கள். தாளவாத்திய மாணவர்களோடு இளம் இசையமைப்பாளர்களையும் அழைத்து, இருதரப்பையும் ஒன்றாகப் பணியாற்ற வைக்கிறார்கள். எழுதுபவரும் வாசிப்பவரும் மாணவப் பருவத்திலேயே பழகிவிட்டால், முன்பின் தெரியாத ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை அடுத்த தலைமுறைக்கு இராது.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

இசைப் பழக்கம் அதிகம் இல்லாதவர் கேரலைன் ஷாவோடு செய்த பாடல்களிலிருந்து தொடங்கலாம். மனிதக் குரல் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். தாளக்கணக்கில் ஈடுபாடு உள்ளவர் ரைஷின் ‘மேலட் குவார்ட்டெட்’டை எடுத்துக்கொள்ளட்டும், 15 நிமிடந்தான். லாங்கின் படைப்பை மட்டும் முதல் முறை காணொளியில் கண்டு கேட்பது நல்லது. நான்கு பேரின் எட்டுக் கைகளும் ஒரே கணத்தில் இறங்குவதைக் கண்ணால் கண்டபின் ஒலிப்பதிவை மட்டும் கேட்டால், எந்த ஒலி எந்த மேசையிலிருந்து வருகிறது என்பது தானாகத் தெரியத் தொடங்கும்.